ஃபெலிக்ஸ் சார் ஏன் உயரத்தில் நின்றார்

சென்ற மாதம் ஃபெலிக்ஸ் சாரின் புகைப்படக் கண்காட்சி திறந்த மாலையில் அவரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவருடைய படங்கள் எல்லாமே தெருவைச் சற்று உயரத்திலிருந்து பார்க்கின்றன, அது ஒரு சாட்சியின் பார்வை என்றார் ஒருவர். இல்லை, அது கருணையின் உயரம் என்றார் இன்னொருவர். தாடி வைத்த ஓர் இளைஞர் நுழைவாயிலில் இருந்த வெற்றுச் சுவரைக் காட்டி, இந்த நகரத்தின் முதல் தெருப் புகைப்படக்காரருடைய கண்காட்சியைக் காலியிடத்தில் தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று பாராட்டினார். கூடம் முழுக்கக் கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஷைனி தட்டவில்லை. நானும் தட்டவில்லை. அந்த உயரத்துக்கும் அந்தச் சுவருக்கும் காரணம் அங்கே எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

தேநீர் நேரத்தில் சில இளைஞர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீங்கள் அவரோடு பதினெட்டு வருடம் வேலை செய்தீர்களாமே, எழுதுங்கள் ஆன்ட்டி என்றார்கள். எழுதுகிறேன். உயரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெலிக்ஸ் சாருக்கு நாய் என்றால் பயம்.

சாதாரணப் பயம் இல்லை. தெருவில் ஒரு வால் தெரிந்தால் போதும், கைக்கு எட்டிய உயரத்தில் ஏறிவிடுவார். தபால் ஆபீஸ் படி, லாரியின் கால்மிதி, தண்ணீர்த் தொட்டி விளிம்பு, யாருடையது என்றே தெரியாத தள்ளுவண்டி. ஏறியபின் கையில் கேமரா இருக்கிறதே என்று படம் எடுப்பார். யாரோ சொன்னார்கள் என்று கொஞ்ச காலம் பாக்கெட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு நாய்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. இன்று பெங்களூரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகும் பிள்ளைகள் பாதிப் பேர் ஏதாவது ஒன்றின்மேல் ஏறி நிற்கிறார்கள். அதற்கு ‘ஃபெலிக்ஸ் உயரம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் புகைப்படக்காரி ஆகியிருக்கும் என் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. நாய் விஷயத்தைச் சொன்னபோது, “நீ அவரைச் சின்ன ஆளா காட்டப் பாக்குறம்மா” என்று இரண்டு நாள் பேசவில்லை.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வேதியியல் பட்டம் வாங்கியதும் பெங்களூரில் ஒரு பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவில், படங்களைக் கழுவி அச்சிடும் இருட்டறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேதியியல் படித்த பெண் மருந்துகளைச் சரியாகக் கலப்பாள் என்று நம்பி எடுத்தார்கள். முதல் வருடம் நான் கலந்ததில் பாதி சாக்கடைக்குப் போனது. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அந்தப் பிரிவின் தலைமைப் புகைப்படக்காரர் ஃபெலிக்ஸ் சார். பெங்களூர் ஜோகுபாளையத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். வாரநாட்களில் லேத் மெஷினையும் சேர்மனையும் எடுப்பார். மெஷின் கண்ணை மூடாது என்பதால் அதுதான் பிடிக்கும் என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சொந்தக் கேமராவோடு தெருவுக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் இங்கே புகைப்படக் கலை என்றால் ஏரியில் சூரியன் மறைவது, மலர்க் கண்காட்சியின் ரோஜா, கோயில் தூண். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களையும் செருப்புத் தைக்கிறவர் கொட்டாவி விடுவதையும் யாரும் எடுத்ததில்லை. சார் அவற்றைப் போட்டிகளுக்கு அனுப்புவார். ஒருமுறை, ‘இதில் எடுத்துக்கொண்ட பொருள் என்ன?’ என்று ஒரு சீட்டோடு படம் திரும்பி வந்தது. அதை இருட்டறைக் கதவில் ஒட்டி வைத்தார். நான் ஓய்வு பெறும்வரை அது அங்கே இருந்தது.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் போட்ட பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு நிமிஷம் பார்ப்பார். “நல்லாயிருக்கு எஸ்தரம்மா. இன்னொண்ணு போடுங்க” என்பார். இரண்டாவதற்கும் அதையே சொல்வார். ஏழாவதற்கும். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமல் அதை உறையில் போட்டுக்கொண்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் என் கணவர் சாம்பாரைப் பாராட்டியபோது நான் நம்பவே இல்லை.

சாரிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு. படம் எடுத்ததும் நகரமாட்டார். எடுக்கப்பட்டவர் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நிற்பார், பார்த்ததும் கேமராவைத் தொட்டு ஒரு சலாம் வைப்பார். அவர்கள் சிரித்தாலோ சும்மா போனாலோ நோட்டில் அந்தப் படத்தின் எண்ணுக்கு நேரே ‘பார்த்தார்’ என்று எழுதுவார். கையை ஆட்டி மறுத்தால் ‘வேண்டாம்’. திரும்பிப் பார்க்காமலே போய்விட்டால் ‘பார்க்கவில்லை’. ‘பார்த்தார்’ படங்கள் போட்டிக்குப் போகலாம். ‘வேண்டாம்’ படங்களை நான் பிரிண்டே போடக் கூடாது. ‘பார்க்கவில்லை’ படங்களுக்குத்தான் வேலை அதிகம். போஸ்ட்கார்டு அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, அந்த ஆளைத் தேடிப் போய், அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் வேறு யார் கண்ணிலும் படலாம். வீட்டில் கொடுக்கக் கூடாது, டீக்கடையில் கொடுக்கக் கூடாது, அண்ணன் தம்பியிடம் கொடுக்கக் கூடாது. “கையில” என்பார். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நாய்கள் குறைவான இடங்களுக்கு அவரே போவார். மற்றவற்றுக்கு நான்.

சுரங்கம் மூடிய சமயம் அது. தங்கவயல் ரயிலில் அதுவரை எங்களைப் போன்ற சிலர்தான் தினமும் பெங்களூர் வேலைக்கு வருவோம். மூடிய பிறகு கால் வைக்க இடமில்லை. பூமிக்கடியில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் வாட்ச்மேன் சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீடுகளில் நாலாவது வீட்டு மாணிக்கம் அண்ணனும் வந்தார். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது என்று லைன் முழுக்க சந்தோஷப்பட்டோம். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி என்பார். நான் கன்டோன்மென்டில் இறங்குவேன். அவர் சிட்டிவரை போவார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை சார் என்னிடம் ஒரு ஃபிலிம் ரோலைக் கொடுத்தார். கே.ஆர். மார்க்கெட்டில் எடுத்தது. அதில் ஒரு படம், தலையில் கோஸ் மூட்டையோடு ஓர் ஆள் படியிறங்கி வருவது. மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். பின்னால் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் கோடுகோடாக விழுகிறது. முகம் சாக்கின் நிழலில் இருட்டாகக் கிடந்தது. நோட்டில் ‘பார்க்கவில்லை’.

முகத்தை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலை. கம்பி முனையில் காசளவு அட்டையை ஒட்டி, காகிதத்தின்மேல் ஒளி விழும்போது முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டே ஆட்ட வேண்டும். கொஞ்சம் குறைந்தால் முகம் கரி. கொஞ்சம் கூடினால் பவுடர் அப்பியது போல ஆகிவிடும். சார் பத்து முறை “நல்லாயிருக்கு எஸ்தரம்மா” என்றார். பதினோராவது காகிதத்தை மருந்தில் போட்டுத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் நெற்றி வந்தது, கன்னத்து எலும்பு வந்தது, கடைசியாகக் கண். மாணிக்கம் அண்ணன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். பார்த்ததும் ஐயோ என்று இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. பல வருடம் இருட்டறையில் இருந்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். படத்தில் இருக்கும் பொருள் கண்ணில் படாது, கறுப்பும் வெளுப்பும்தான் படும். நான் பார்த்தது அவர் கன்னத்தின் மழை ஈரத்தை, நான் கொண்டுவந்த சாம்பல் நிறத்தை. மூட்டையை நான் பார்க்கவே இல்லை. சார் அதை ஒன்றும் சொல்லாமல் உறையில் போட்டார். அந்த வருடத்தில் நான் வாங்கிய பெரிய விருது அதுதான்.

அதையே போஸ்ட்கார்டு அளவில் ஒன்று போட்டு, மார்க்கெட்டுக்குப் போய்த் தேடிக் கையில் கொடுக்கச் சொன்னார். ஆள் எனக்குத் தெரிந்தவர் என்று நான் சொல்லவில்லை. நாலாவது வீட்டுக்காரரை மார்க்கெட்டில் எதற்குத் தேட வேண்டும்? அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் அவர் மனைவி லோகு அண்ணியிடம் கொடுத்தேன். எவ்வளவு நல்ல படம் என்று வேறு சொன்னேன். அண்ணி வாசலில் நின்று பார்த்தார். அவர் பெண் எட்டிப் பார்த்து, “அப்பா ஏம்மா மூட்டை தூக்குறாரு?” என்றாள். அப்போதுதான் எனக்கு மூட்டை தெரிந்தது.

மறுநாளிலிருந்து அண்ணன் எங்கள் ரயிலில் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. மார்க்கெட் கொட்டகையிலேயே தங்கிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. மூன்று வாரம். தண்ணீர்க் குழாயடியில் லோகு அண்ணி என்னைத் தாண்டிப் பார்த்தார். மூன்றாவது வாரம் சாரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “ஞாயித்துக்கிழமை அவரு வீட்டுல இருக்கணும். எப்படியாவது வரச் சொல்லுங்க. நான் வர்றேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க லைன்ல நாய் உண்டா?” என்றார்.

எங்கள் லைனில் மனிதர்களைவிட நாய்கள் அதிகம்.

மார்க்கெட் கொட்டகைக்குச் சொல்லி அனுப்பியதில் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். சார் ஆபீஸ் கோட், டை, பாலிஷ் போட்ட ஷூ என்று சேர்மனைப் படம் எடுக்கப் போகிறவர் போல வந்து இறங்கினார். ஸ்டேஷனிலேயே என் குடையை வாங்கித் தடிபோலப் பிடித்துக்கொண்டார். லைன் முனையில் ஆறு நாய்கள். முதல் குரைப்புக்கே சார் குழாயடி மேடையில் இருந்தார். குடங்களோடு நின்ற பெண்கள் மரியாதையாக இடம் விட்டார்கள். நான் எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. சத்தம் கேட்டு மாணிக்கம் அண்ணன் வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் மேடையிலும், கேட்டுக்கொள்ள வேண்டியவர் கீழேயுமாக நின்றார்கள்.

“எறங்கி வா சார். ஒண்ணும் பண்ணாது.”

“மொதல்ல அதுங்களப் போகச் சொல்லுங்க” என்றார் சார். பிறகு அங்கிருந்தே, “தப்பு நடந்துபோச்சு. என் தப்பு. உங்க கையில வரவேண்டியது” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணன் நாய்களை விரட்டினார். சார் இறங்கினார். அண்ணன் என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்துப் பேசினார். “மூட்டை தூக்குறது கேவலம் இல்ல சார். என் பொண்ணு ஸ்கூல்ல அப்பா வேலை சூப்பர்வைசர்னு எழுதிக் குடுத்துகீது. நானே ஒரு நாளு சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்த நாள நீங்க எடுத்துக்கினீங்க.”

சார் கோட்டுப் பையிலிருந்து நெகட்டிவை எடுத்து அவர் கையில் வைத்தார். ஆறு படங்கள் உள்ள துண்டு, வெட்டாமல் முழுதாக. இனி இது உங்களுடையது, வேறு பிரிண்ட் எதுவும் இருக்காது என்றார். அண்ணன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத் தெரியும். “இதுல நல்ல கலராகீறேனே சார்” என்றார். லோகு அண்ணிதான் முதலில் சிரித்தார்.

அடுத்த நாள் காலை ரயிலில் அண்ணன் இருந்தார். பேனா இல்லை. மடியில், மூட்டைக்கு அடியில் தலையில் வைக்க, பழைய புடவையைச் சுருட்டித் தைத்த புதுச் சும்மாடு இருந்தது. அண்ணி தைத்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வேலையில் சார் அந்த உறையை என்னிடம் கொடுத்து ஒன்றுதான் சொன்னார், மீதி பிரிண்டுகளைக் கிழித்துவிடுங்கள் என்று. பத்தைக் கிழித்தேன். லோகு அண்ணி திருப்பிக் கொடுத்த போஸ்ட்கார்டையும் கிழித்தேன். பதினோராவதைக் கிழிக்கக் கை வரவில்லை. கிழித்தாகிவிட்டது சார் என்று சொல்லிவிட்டு, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, வீட்டு பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். நாங்கள் பெங்களூர் ஜீவனஹள்ளிக்குக் குடிவந்தபோது அதுவும் வந்தது. டிஜிட்டல் வந்து இருட்டறையை மூடினார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். அதில் வருத்தமில்லை, மருந்து நாற்றம் போய் என் கை எனக்கே திரும்பக் கிடைத்தது. சார் காலமானார். மாணிக்கம் அண்ணன் ஈஜிபுராவில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் மகள் தெருவுக்குப் போகும் நாட்களில் நான் போன் மேப்பில் அவள் நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே சமைப்பேன். புள்ளி ஐந்து நிமிஷம் நின்றால் போன் செய்வேன். “அம்மா, சும்னே இரு” என்று கன்னடத்தில் கத்துவாள். சண்டை, போலீஸ், கேமராவைப் பிடுங்கும் கும்பல் என்று தெருவில் நடக்கக்கூடியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆபத்து என் பீரோவில் இருந்தது.

கண்காட்சி வேலையில் அவளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. திறப்புக்கு மூன்று நாள் முன்னால், “உனக்கு ஒரு சர்ப்ரைஸ்” என்று என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். நுழைந்ததும் எதிரே, ஆள் உயரத்துக்கு, மாணிக்கம் அண்ணன். மழை, சாக்கு, மூட்டை. நான் கம்பி முனை அட்டையால் கொண்டுவந்த அந்தக் கன்னம். அங்கே கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். “அம்மா எமோஷனல் ஆயிட்டாங்க” என்று ஷைனி பெருமையாக யாரிடமோ சொன்னாள். பீரோவில் என் கல்யாணப் புடவையை எடுக்கும்போது கிடைத்ததாம். யாரும் பார்த்திராத ஃபெலிக்ஸ் படம், அதைக் கண்டுபிடித்தவள் அவள்.

பெட்டிமேல் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“இருபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. அவர் இருக்காரோ இல்லையோ.”

“ஈஜிபுரால இருக்கார். பிளம் கேக் பிடிக்கும்.”

இதை எடுக்கச் சொன்னால் இனி யாரும் தன்னை நம்பி வேலை கொடுக்கமாட்டார்கள் என்று அழுதாள். எனக்கும் அது தெரியும். அவள் தப்புக்கு அவள் அழலாம். என் தப்புக்கு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் பிரிண்டை அதே கறுப்புக் கவரில் வைத்து ஈஜிபுரா போனோம். அண்ணி இரண்டு வருடம் முன்னால் போய்விட்டார். அண்ணன் வாசல் நாற்காலியில் இருந்தார். கேக் மாதம் இல்லையே என்று என் கையைப் பார்த்தார். ஷைனி வழியெல்லாம் தயார்செய்து வந்ததைச் சொன்னாள். உழைப்பின் கௌரவம், வரலாறு, இந்தப் படம் எத்தனை பேரைத் தொடும் என்று. அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். பிரிண்டை மடியில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“நல்லாகீது” என்றார். “வேணாம் பாப்பா.”

ஷைனி தலையசைத்தாள்.

“சார் வேற பிரிண்டே இருக்காதுன்னாரே. இது எப்படி மிஞ்சிச்சு?”

“நான்தான் அண்ணா. கிழிச்சிட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வருஷா வருஷம் கேக்கு எடுத்துக்கினு வரும்போதே நெனச்சேன், இந்தப் பொண்ணுகிட்ட இன்னாவோ கீதுன்னு.”

ஷைனி ஓரமாகப் போய்ப் போன் பேசினாள். படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னாள். இல்லை, வேறு படம் வேண்டாம், காலியாகவே இருக்கட்டும், தப்பு என்னுடையது என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வந்து, ஸ்கேன் செய்து வைத்திருந்ததை அவர் கண்முன்னால் அழித்தாள். அண்ணன் பிரிண்டைக் கவரில் போட்டு நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

“கேமரா எடுத்துக்கினு வந்துகீறியா?” என்று கேட்டார். “மூட்டை இல்லாம ஒண்ணு எடு.”

உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பாக்கெட்டில் ஒரு பேனாவும் செருகிக்கொண்டு வந்தார். தெருவில், சுவரை ஒட்டி நின்றார். ஷைனி பின்னால் தள்ளிப்போய், இடம் பார்த்து, எதிர்வீட்டுப் படியில் ஏறி, அதற்கு மேலிருந்த கட்டைச்சுவரிலும் ஏறி நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

மாணிக்கம் அண்ணன் அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

“எறங்கி வா பாப்பா” என்றார். “இங்க நாய் கெடையாது.”